கலசப்பாக்கத்தில் மணி என்ன?

ஓர் ஊரின் வேகத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் லெவின் மூன்று வழிகளைக் கையாண்டார். நகரின் மையத் தெருவில் தனியாக நடந்து போகிறவர் 60 அடி தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறார்? அஞ்சலகத்தில் ஒரு தபால்தலை வாங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? வங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது? 31 நாடுகளின் நகரங்களில் இப்படி அளந்து, அரா நோரன்சயனுடன் சேர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார். சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. பட்டியலில் இந்தியா இல்லை. குளிர் அதிகமான, பணம் அதிகம் புழங்குகிற ஊர்களில் வேகம் கூடுதல் என்றும், அங்கே மாரடைப்புச் சாவுகளும் கூடுதல் என்றும் அந்த ஆய்வு சொன்னது. கூடவே, அந்த ஊர்க்காரர்கள்தான் தங்கள் வாழ்க்கை திருப்தியாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள் என்றும் சொன்னது.

இந்த மூன்றையும் கலசப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. ஒரு பக்கம் பருவதமலை, அதற்கும் அப்பால் ஜவ்வாது மலை. சட்டமன்றத் தொகுதிக் கணக்கில் மலையும் தரையும் ஒன்றுதான். சென்னையிலிருந்து வருகிற உறவுக்காரர்கள், “இங்க டைமே நகராது போல, நிம்மதியா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நிம்மதி யாருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லெவினின் மூன்று சோதனைகளில் இரண்டு இங்கே பயன்படாது. தபால்தலை வாங்க இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லை. கடிகாரம் என்பது எல்லார் கையிலும் இருக்கிற போன்தான், அது ஜெனிவாவிலும் இங்கேயும் ஒரே ஒழுங்கில் ஓடுகிறது. மிஞ்சுவது நடை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பஜார் தெருவுக்குப் போக வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டிப் பக்கம் போனால் போதும்.

ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் பால் அட்டை. தெரு முனையிலிருந்து வருகிற பெண்ணின் நடையைக் கவனித்தால், வேகம் முழுக்க முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. தோள் அசையாது, தூக்குப் பிடித்த கை அசையவே அசையாது. மூடி தளர்ந்திருந்தால் பால் தளும்பும், தளும்பினால் காசு. அறுபது அடியை அவர் கடக்கும் நேரத்தை எந்த ஐரோப்பிய நகரத்தோடும் ஒப்பிடலாம். சொசைட்டி வாசலுக்கு வந்ததும் அந்த வேகம் சட்டென்று நின்றுவிடுகிறது. முன்னால் பதினைந்து பேர். ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டர் மிதக்கவிட்டு டிகிரி பார்த்து, அளந்து ஊற்றி, அட்டையில் எழுத வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்கு அரை மணி நேர நிற்றல். சாயங்காலம் மறுபடியும் இதே கதை.

“ஓடி வந்து நிக்கறதுக்கு மெதுவா நடந்து வந்து நின்னா என்னம்மா?” என்று ஒரு முறை கேட்டேன்.

“கேன் ரொம்பிடுச்சின்னா வண்டி கெளம்பிடும் தம்பி. அப்புறம் இந்தப் பாலை இன்னா பண்றது, எந்தலையிலயா ஊத்திக்கறது?” என்றார் அவர்.

ஊரை ‘மெதுவான ஊர்’ என்று சொல்கிறவர்கள் பார்ப்பது நிற்கிற அந்த அரை மணி நேரத்தை மட்டும்தான். ஓடி வந்த பத்து நிமிடம் அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1998-99இல், ஆறு மாநிலங்களில் ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. 2019 கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்த விஷயம், அதில் நாள் தொடங்குகிற நேரம். நள்ளிரவு பன்னிரண்டு மணியைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாமல், விடிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் விடிகாலை 4 மணி வரை என்று கேட்டார்கள். கிராமத்துப் பெண்களின் நாளை அறிந்த யாரோ எடுத்த முடிவாகத்தான் இருக்க வேண்டும். அந்த 24 மணி நேரத்தை அரை மணித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று பதிவு செய்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இருவருக்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நடுவில் இருக்கிற ஏறக்குறைய 200 நிமிடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அரை மணித் துண்டு என்பதில் ஒரு சங்கடம் உண்டு. அடுப்பில் உலை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டி, அந்த இடைவெளியில் பிள்ளைக்குச் சடை பின்னி, வாசலில் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நியாயமும் சொல்கிற ஒருத்தியின் அரை மணியை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒரே துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைப் பதிவு செய்யக் கணக்கெடுப்பில் இடம் வைத்திருந்தார்கள். ஆனாலும் கேட்கிறவருக்குப் பதில் சொல்கிறபோது நம் ஊர்ப் பெண்கள் வேலையைத்தான் சொல்வார்கள். நின்ற நேரத்தை, பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை, “இன்னும் வரலியே” என்று எட்டிப் பார்த்த நேரத்தை யாரும் சொல்வதில்லை. ‘சும்மாதான் இருந்தேன்’ என்பதற்குள் அதெல்லாம் போய்விடும்.

பொழுதுக்கு ஒரு மனநிலை உண்டு என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் வெகு காலத்துக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தையும் மருதத்துக்கு வைகறை விடியலையும் உரிய பொழுதாகத் தருகிறது. மலையில் நள்ளிரவு கூடலுக்கு, வயலில் விடிகாலை ஊடலுக்கு. காதலுக்காக வகுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நாம் தாண்டிப் போய்விட்டோம். கலசப்பாக்கத்திலிருந்து பார்க்கிறபோது அது உழைப்பின் கால அட்டவணையாகவும் தெரிகிறது. ஆற்றங்கரையில் பால், தண்ணீர், நாற்று எல்லாம் விடிகாலை வேலைகள். மலை ஏறினால், சாமைக் கதிர் பால் பிடிக்கிற காலத்தில் முக்கியமான நேரம் நள்ளிரவுதான். காட்டுப் பன்றி வருகிற நேரம் அது. பரணில் காவல் இருக்கிறவன் பகலில் தூங்குகிறான். பத்து மணிக்கு ஊருக்குள் போகிற அதிகாரிக்கு அவன் சோம்பேறியாகத் தெரிகிறான்.

பன்றி விஷயம் புதிது இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த நாட்டைப் பற்றியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அதில் வருகிற நவிரமலையைப் பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். சேயாறு நம் செய்யாறு. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. வழி சொல்வதோடு எங்கே எந்த வேகத்தில் போக வேண்டும் என்றும் சொல்கிறது. தினைப்புனத்தைப் பன்றி அழிப்பதால் அது நுழைகிற வழிகளில் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் போகாதே, விடிந்த பிறகு போ என்கிறார் அதைப் பாடிய பெருங்கௌசிகனார். யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், பார்த்துப் போ என்கிறார். இப்படிப் பார்த்துப் போனால் ஒரு பகலில் எவ்வளவு தூரம் கடக்க முடியும்? மலையில் மெதுவாக நடப்பவன் இயற்கையை ரசித்துக்கொண்டு போகிறான் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். அங்கே நிதானம் என்பது உயிரோடு போய்ச் சேருகிற வழி.

அதே பாட்டு மலையில் எழும் ஓசைகளை நீளமாக அடுக்குகிறது. அருவி, தேன் எடுக்கும் குறவர், கிளி விரட்டும் பெண்களின் தட்டை, யானைப் பாகர், கரும்பாலை, உலக்கைப் பாட்டு. புலி கிழித்த கணவன் மார்பின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டும் அதில் ஒன்று. அந்த மலையின் ஒரு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது போல இருக்கும். என் கணக்கில் தமிழின் முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதுதான். அந்தப் பட்டியலில் சும்மா இருப்பவர்களின் ஓசை ஒன்றும் இல்லை.

அவற்றில் உலக்கை ஓசை மட்டும் இந்த மலையில் அண்மைக் காலம் வரை நீடித்தது. சாமை சின்னஞ்சிறு மணி, உமி அதை விட்டுப் போகாது. வெயிலில் காயவைத்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, கல் பார்த்துக் கொழித்து எடுக்க வேண்டும். குத்துகிறவள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு உலக்கையை மாற்றுகிற இடத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்க இடம். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் அந்த இடைவெளியும் இல்லை. ஒரு வேளைச் சோற்றுக்குக் காலைப் பொழுது போய்விடும் என்று வயதான பெண்கள் சொல்வார்கள். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைகள் வருவதற்கு முன் மக்கள் வேலையைக் கொண்டு நேரத்தை அளந்தார்கள் என்பதற்கு மடகாஸ்கரைச் சான்று காட்டுகிறார். அங்கே அரை மணி நேரம் என்பது சோறு வேகிற நேரம். அவர் ஜவ்வாது மலைக்கு வந்திருந்தால், வேகிற நேரத்துக்கு முன்னால் குத்துகிற நேரம் என்று ஒன்று இருப்பதையும், அது வேகிற நேரத்தைப் போலப் பல மடங்கு என்பதையும் சேர்த்திருப்பார்.

பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது இலவசம். சாமை போய் அரிசி வந்ததால் சத்து குறைந்தது, மரபு போனது என்று எழுதுகிறவர்கள் பலர். அதில் உண்மை இருக்கிறது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது இந்தப் புலம்பல் இன்னும் கூடியது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் உரல் வருவதே இல்லை. ரேஷன் அரிசி கொடுத்தது விலையில்லாச் சோறு மட்டும் அல்ல, குத்தாமல் கிடைத்த சோறு. மலைப் பெண்ணுக்கு ஒரு காலைப் பொழுதை யாரோ எடுத்துக் கையில் கொடுத்தார்கள். சாமைக்கு மறுபடி மரியாதை வர வேண்டும் என்றால் அந்தக் காலைப் பொழுதை அவளிடமிருந்து திரும்பப் பிடுங்காமல் வர வேண்டும். உமி நீக்கும் மிஷின் ஊருக்கு அருகிலேயே இருந்தால் அது நடக்கும். இல்லையென்றால் சாமை பையில் அடைபட்டுச் சென்னைக்குப் போகும், மலைக்காரர்கள் அரிசிச் சோறு சாப்பிடுவார்கள். இப்போது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

மிச்சமான அந்தக் காலைப் பொழுது எங்கே போனது? ஒரு பகுதி நூறு நாள் வேலைக்குப் போனது. 2005இல் சட்டமாகி வந்த அந்தத் திட்டத்தில் வேலையைக் கணக்கிடும் முறை முதலில் தாம்சன் சொன்ன பழைய முறைக்கு நெருக்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு மண் வெட்டினால் இவ்வளவு கூலி. 2023 ஜனவரியிலிருந்து பணியிடத்தில் செயலி மூலம் வருகைப் பதிவு கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், நேரமும் இடமும் அதில் பதிய வேண்டும். தரையில் கலசப்பாக்கம் பக்கத்து ஏரிக்கரையில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். மலையில் டவர் கிடைக்கிற பாறையைத் தேடிப் போக வேண்டும். காலையில் சீக்கிரம் வெட்டி முடித்தவர்களும் இரண்டாவது படத்துக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வழியாகக் காரில் போகிறவர், ‘பாருங்க, உக்காந்தே சம்பளம் வாங்குறாங்க’ என்று சொல்வார். உட்கார வைத்தது யார் என்ற கேள்வி அவருக்கு வராது.

செயலியில் பதிகிற கடிகார நேரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1906 முதல் நாம் பின்பற்றுகிற இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கலசப்பாக்கம் அதற்கு மூன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் மேற்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று போட்டால், நம் போனில் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியக் கணக்கில் உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 14 நிமிடம் இருக்கிறது. (ஆண்டின் நாளைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும்.) மாட்டுக்கு இது தெரியும், மனிதர்கள் மறந்துவிட்டார்கள். இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி பின்பற்றுவது வேறொரு நாளை. விண்மீன்களின் நாள் 23 மணி 56 நிமிடம்தான், ஒவ்வொரு மீனும் தினம் 4 நிமிடம் முன்கூட்டியே எழும். பரணில் பன்றிக்குக் காவல் இருக்கிறவனும் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆய்வாளரும் ஒரே மலையில் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு இரவு விழிக்கிறார்கள். ஒருவர் வேலைக்கு இரவுப் பணி என்று பெயர் உண்டு, சம்பளம் உண்டு, மறுநாள் தூங்க உரிமை உண்டு.

தரைக்குத் திரும்புவோம். இங்கே இரவு விழிப்பு வேறு விதம். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆனால் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்பதை மின்வாரியம்தான் தீர்மானிக்கிறது. இரவு முறை வந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். பாம்புக்கும் பயப்பட வேண்டும், ஈரக் கையால் ஸ்டார்ட்டரைத் தொடவும் பயப்பட வேண்டும். அண்மையில் செல்போன் ஸ்டார்ட்டர் வந்திருக்கிறது. படுக்கையில் இருந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓடவிடலாம். என் தெருவில் அதை மாட்டியவர்கள் அதனால் தூக்கம் கூடியது என்று சொல்லவில்லை. கரண்ட் வந்துவிட்டதா என்று ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனைப் பார்க்கிறோம் என்கிறார்கள். கரும்பு போட்டவர்களின் கதை இதற்கு நேர் எதிர். பத்து, பன்னிரண்டு மாதம் வளர்த்த பிறகு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். அது தாமதமானால் கரும்பு பூத்து எடை குறையும். உத்தரவு வந்துவிட்டால் ஆள் கிடைக்காத நாளிலும் உடனே வெட்ட வேண்டும். மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) மழை, கரும்புக்கு ஆலை, நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்து டோக்கன். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கடிகாரம், எதற்கும் சாவி விவசாயி கையில் இல்லை.

மலையில் ஆண்டின் ஓட்டமே இப்படித்தான். ஆனி, ஆடியில் சாமை விதைப்பு, புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. பிறகு வீட்டில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் மட்டும் இருப்பார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். சிலர் ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மாசி, பங்குனியில் மலைக்கிராமங்களின் தெருவில் நடக்கிறபோது கிடைக்கிற அமைதியைச் சுற்றுலாக் குறிப்புகள் புகழ்கின்றன. அந்த அமைதியில் ஒரு பங்கு, அங்கே இருக்க வேண்டியவர்கள் அங்கே இல்லாததால் வருவது.

அப்படியானால் இந்த வாழ்க்கையில் சாவகாசமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரதசப்தமிக்கு அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். எங்கள் ஊர்த் திருமாமுடீஸ்வரர் அவரை ஆற்றில் எதிர்கொள்கிறார். வழியெல்லாம் மண்டகப்படி, ஒவ்வோர் ஊரிலும் தீபாராதனை. சாமி எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஆற்று மணலில் காத்திருக்கிற அதே பெண்களை நான் சொசைட்டி வாசலிலும் பார்த்திருக்கிறேன். மணலில் அவர்கள் கால் மாற்றி நிற்பதில்லை, எட்டிப் பார்ப்பதில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டு, வந்த சொந்தக்காரர்களிடம் பெண் பார்க்கிற விஷயம் பேசிக்கொண்டு இருப்பார்கள். மூன்று மணி நேரம் போனதே தெரியாது. எல்லாரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள், தாமதமானால் யாருக்கும் கூலி குறையாது, வண்டி கிளம்பிவிடாது. சாமியே ஆனாலும் எல்லாருக்கும் சமமாகத் தாமதமாகிறார்.

சொசைட்டியிலும் மரத்தடியிலும் பஸ் நிறுத்தத்திலும் அப்படி இல்லை. அங்கே ஒருவர் நேரத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறார். தீர்மானிக்கிறவர் ஒருபோதும் காத்திருப்பதில்லை. லெவினின் அளவுகோலோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் இதைத்தான் சேர்ப்பேன்: அந்த ஊரில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம். அளப்பது கடினம் இல்லை. சிரமம் எல்லாம் நிற்கிறவர் வாயிலிருந்து ‘சும்மாதான்’ என்பதைத் தாண்டி வேறொரு பதில் வாங்குவதில்தான்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலைப் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். மடியில் ரேஷன் மண்ணெண்ணெய்க் கேனில் வாங்கிய நல்லெண்ணெய், காலடியில் ஒரு மூட்டை. உங்கள் நேரம் எதில் அதிகமாக வீணாகிறது என்று கேட்டேன். “வீணு இன்னா சார் வீணு, நாங்க சும்மாதான இருக்கறோம்” என்று எதிர்பார்த்த பதிலையே சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு திரும்பியதும் அவராகவே ஆரம்பித்தார். அவர் ஊர் விலக்கிலிருந்து வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர நடை. இந்த பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும், அதனால் சந்தையில் பாதி வேலையை முடிக்காமலே ஓடி வந்தார். ஓடி வந்து ஒரு மணி நேரம் நின்றார். “அஞ்சு மணிக்கு மேல ஒரு பஸ்ஸு வுடச் சொல்லுங்க சார். நாலு பேருகிட்ட எழுதிக் குடுத்துட்டோம். நீங்களும் எழுதறவருதான, எழுதுங்க.”